பதநீரா விக்கலாமா, கருப்பட்டியா காய்ச்சலாமா?

உடன்குடி பக்கம் பனை ஏறுற குடும்பங்களுக்கு சீசன்ல இந்த கேள்வி தினமும் வரும். பதநீரா வித்தா கையில உடனே காசு, விறகும் வேணாம், ஆனா புளிக்காம இருக்க கலயத்துல சுண்ணாம்பு தடவி இறக்கினாலும் வெயில் ஏறுறதுக்குள்ள வித்தாகணும், ரோட்டோரமா ஊர் இருந்தா சரி, உள்ள தள்ளி இருந்தா யாரு வாங்குவா?

கருப்பட்டின்னா 1 கிலோவுக்கு கிட்டத்தட்ட 8 லிட்டர் பதநீர் போகும், அடுப்பு புகையில மணிக்கணக்கா நின்னு கிண்டி பதம் பாத்து சிரட்டைல ஊத்துறது பெரும்பாலும் வீட்டு பொம்பளைங்கதான், அந்த உழைப்புக்கு யாரும் கூலி கணக்கே போடுறதில்ல. ஆனா பக்குவமா வச்சா மாசக்கணக்குல இருக்கும், விலை ஏறினப்புறம் விக்கலாம். உடன்குடி கருப்பட்டிக்கு, இது இந்த ஊர் பொருள்னு சொல்ற புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு, இருந்தும் சீனி கலந்த கருப்பட்டி மார்க்கெட்ட கெடுக்குது.

என்னைக் கேட்டா டவுன் பக்கத்துல இருக்கவங்க காலைல பதநீர் வித்துட்டு மிச்சத்த காய்ச்சலாம், மத்தவங்களுக்கு கருப்பட்டிதான்.