மகளின் எட்டுப் பக்கப் புத்தகத்தை அடித்துத் தந்த கடை

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருக்கிற ஒரு சின்னக் கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், லமினேற், கலியாண அட்டை எல்லாம் செய்வார்கள். நான் போனது 35 குட்டிப் புத்தகம் அடிக்க.

என்ர மகளுக்கு ஓட்டிசம். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூட மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். போன தவணை, பக்கத்தில் இருந்த பிள்ளை "உன்ர வருத்தம் எனக்கும் தொத்திப்போடும்" என்று வாங்கு மாறிவிட்டதாம். அன்று இரவு முழுக்க அதே கதைதான். "அவைக்குத் தெரியாதம்மா, நான்தான் சொல்லோணும்" என்றாள். எல்லாருக்கும் முன்னால் நின்று கதைக்க அவளுக்கு ஏலாது. எழுதுவாள். எழுதி எட்டுப் பக்கம் வந்தது.

கடைத் தம்பி பாட்டை நிற்பாட்டிவிட்டு என்னைக் கேளாமல் அவளைத்தான் கேட்டார்: "பிள்ளை, எந்தப் படம் முன்னுக்கு வரோணும்?" அவள் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார். அதுக்காகவே அந்தக் கடைக்கு எத்தனை தரமும் போவேன்.

பழக்கத்தில் "ஓட்டிசம் நோய்" என்று அடித்துவிட்டார். மகள் அந்த "நோய்" மேல் பென்சிலால் வெட்டினாள். "காய்ச்சல் இல்லை, தொத்தாது. பிறக்கேக்கயே இப்பிடித்தான்." உடனே அழித்தார். "கண்ணைப் பார்த்தா எனக்குக் கதை கேக்காது" என்ற அவளின் வசனத்தை நான் திருத்தப் போக, "அக்கா, அவ சொன்ன மாதிரியே விடுங்கோ" என்றதும் அவர்தான். அவர் சொன்னதுதான் சரி.

தடுப்பூசி பற்றியும் ஒரு பக்கம் வைக்க ஆசைப்பட்டேன். "சின்னாக்களுக்கு ஊசிக் கதை வேண்டாம்" என்று மகள் எடுத்துவிட்டாள். அதைத் தாய்தகப்பனுக்கென்று தனி ஒற்றையில் அடித்தோம். தடுப்பூசி போட்டால் ஓட்டிசம் வரும் என்ற பயம், 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதின கட்டுரையால் கிளம்பினது. பிரசுரித்த லான்செட் மருத்துவ சஞ்சிகையே 2010இல் அதை மீளப்பெற்றுவிட்டது. எங்கட பக்கத்துத் தாய்மார் இன்னும் என்னை மறித்துக் கேட்கிறார்கள்.

புத்தகம் ஒன்று 90 ரூபா, மொத்தம் 3,150. அட்டை மினுங்கும் தாள். வெளிச்சம் பட்டுத் தெறிக்க மகளுக்குக் கண் கூசியது. மினுங்காத தாள் வேண்டுமென்றால் முதலே சொல்லுங்கோ. இரண்டு புத்தகத்தில் ஸ்டேப்ளர் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, கொடுக்க முதல் தடவிப் பாருங்கோ. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கடையில் நிற்க இடமிருக்காது, காலையில் போவது நல்லம்.

வகுப்பில் ரீச்சர் வாசிக்க, மகள் பக்கத்தில் நின்று தாளைப் புரட்டினாளாம். கடைசிப் பக்கத்தில் "என்னட்டக் கேளுங்கோ" என்று போட்டு வெறுமையாக விட்டிருந்தோம். 19 புத்தகம் கேள்வியோடு திரும்பி வந்தது. ஒரு பெடியன் எழுதியிருந்தான்: "உனக்குப் பிடிச்ச சத்தம் எது?" "இரணைமடுக் குளம் வான் பாயுறது" என்று பதில் எழுதினாள். "அது மணியை விடப் பெரிய சத்தமெல்லோ?" என்று மறுபடி கேட்டிருக்கிறான். "அது நிக்காமல் வரும். மணி திடீரெண்டு வரும்."

இப்ப மணி அடிக்க நேரம் வந்தால் அவன் முதலே அவளுக்குக் கை காட்டுவானாம். அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்து, பக்கத்து வகுப்புக்கு இன்னும் 30 அடிக்கக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை மினுங்காத அட்டை.