மதிப்பெண் பதிவேட்டைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் சுமக்கும் சிங்க்திங்: ஒரு கல்வியாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

"மிஸ், நோட்டுல 17 போட்டிருக்கீங்க, கார்டுல 11-ன்னு இருக்கு" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அறிவியல் ஏட்டை விரித்துக் காட்டியபோது, தவறு எங்கே நடந்தது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதல் நாள் இரவு வீட்டில் திருத்திய கோப்பின்மேல், மறுநாள் காலை பள்ளிக் கணினியில் கிடந்த பழைய கோப்பை என் கையாலேயே பென் டிரைவ் வழியாகப் படியெடுத்து எழுதியிருந்தேன். "ஏற்கெனவே இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?" என்று கணினி கேட்கத்தான் செய்தது, மணி அடித்துவிட்ட அவசரத்தில் நானும் "ஆம்" என்று அழுத்திவிட்டேன். 38 மாணவர்களின் ஏடுகளைத் திரும்ப வாங்கி மதிப்பெண்களை மறுபடியும் ஏற்ற இரண்டு மாலை நேரங்கள் பிடித்தன. அதற்குப் பிறகு நான் தேடிப்பிடித்த மென்பொருள்தான் சிங்க்திங்: ஒரே கோப்பைப் பல கருவிகளில் ஒன்றுபோல் வைத்திருப்பது, அதாவது ஒத்திசைப்பது, அதன் வேலை.

தண்டையார்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். வீடு வியாசர்பாடியை அடுத்த மகாகவி பாரதி நகரில். பருவத்தின் இடையே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற கணக்கில், பருவத்துக்கு ஒரு தாள் வீதம் விரியும் லிப்ரேஆபிஸ் கால்க் (விரிதாள் மென்பொருள்) கோப்பு ஒன்றைப் பள்ளியில் பாதியும் வீட்டில் பாதியுமாக நிரப்புவது என் வழக்கம். பள்ளிக் கணினி மாலை நாலரை மணிக்கு அணைக்கப்படும். வீட்டுக் கணினி இரவு எட்டுக்குமேல்தான் உயிர்பெறும். இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சிங்க்திங்கின் முதன்மையான வரம்பு இங்கேதான் இருக்கிறது.

2013-இல் வெளிவந்த இந்தத் திறமூல மென்பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கணக்குத் தொடங்கவோ கடவுச்சொல் கொடுத்து எங்கும் நுழையவோ தேவையில்லை. கோப்புகள் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் சேமிக்கப்படாமல், நாம் ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தி வைக்கும் கருவிகளுக்கிடையே மட்டும், பிறர் படிக்க முடியாத மறையாக்கத்துடன் பயணிக்கின்றன. ஒவ்வொரு கருவிக்கும் எட்டு தொகுதிகளாகப் பிரித்து எழுதப்பட்ட 56 எழுத்து அடையாளம் ஒன்று தானாகவே உருவாகிறது. அதைக் கியூஆர் குறியாகவும் காட்டுவதால் கைப்பேசியைச் சேர்ப்பது எளிது. இரு தரப்பும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட பிறகே எந்தக் கோப்பும் நகரும். மாணவர்களின் விவரங்களைத் தனிநபர் மின்னஞ்சல் கணக்குகளில் வைக்கக்கூடாது என்பதில் எங்கள் தலைமை ஆசிரியை கண்டிப்பானவர் என்பதால், இந்த அமைப்பை விளக்கிய பிறகுதான் பள்ளிக் கணினியில் நிறுவ அனுமதி கிடைத்தது. ஆதார் எண், முகவரி, பெற்றோர் கைப்பேசி எண் எதுவும் கோப்பில் இருக்கக்கூடாது, வரிசை எண்ணும் பெயரும் மதிப்பெண்ணும் போதும் என்று அவர் விதித்த நிபந்தனை நியாயமானதே. கைப்பை தொலைந்தால் என்ன ஆகும் என்று அவர்தான் முதலில் கேட்டார்.

கைப்பை இதில் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சிங்க்திங்கில் நடுவே சர்வர் இல்லாததால், இரு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் கோப்பு மாறும். என் இரண்டு கணினிகளும் அப்படி இயங்கப்போவதில்லை என்பதால், மூன்றாவது கருவியாக, கைப்பையில் என்னோடு போய்வரும் கைப்பேசியைச் சேர்த்தேன். பள்ளியில் இருக்கும்போது அது பள்ளி வைஃபையில் சேர்ந்து அன்றைய திருத்தங்களை வாங்கிக்கொள்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்று வீடு வந்து சேர்ந்தபின், வீட்டு வைஃபையில் அவற்றை இறக்கிவைக்கிறது. ஒரே ரூட்டரில் இணைந்த கருவிகள் இணையம் இல்லாமலேயே பேசிக்கொள்ளும் என்பதால், இணைப்பு அறுந்து கிடக்கும் நாள்களிலும் இந்தத் தபால் வேலை நிற்பதில்லை.

ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. வேறு பராமரிப்பாளர்கள் நடத்தும் சிங்க்திங்-ஃபோர்க் என்ற செயலியைத்தான் இப்போது நிறுவ வேண்டும். கைப்பேசியின் பேட்டரி சேமிப்பு அமைப்பில் இந்தச் செயலிக்கு விலக்கு கொடுக்காவிட்டால், திரை அணைந்த சிறிது நேரத்தில் அதையும் உறங்க வைத்துவிடும் கைப்பேசிகள் உண்டு. முதல் வாரத்தில் இதை அறியாமல் இருந்தேன். கணினி வாசமே இல்லாதவர்கள் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் அமைத்துவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். எனக்கே ஒரு சனிக்கிழமை முழுதாகச் செலவானது.

இனி, இந்த மென்பொருளை நான் பரிந்துரைப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். இரண்டாம் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வீட்டுக் கணினியில் ஆறு மாணவர்களின் மதிப்பெண்களைத் திருத்திவிட்டுக் கணினியை அணைத்தேன். கைப்பேசியோ சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. திங்களன்று அதை மறந்து, பள்ளியில் இருந்த பழைய கோப்பிலேயே வகுப்பு முழுவதற்கும் சிறுதேர்வு மதிப்பெண்களை ஏற்றினேன். பென் டிரைவாக இருந்திருந்தால் இரண்டில் ஒன்று சத்தமில்லாமல் அழிந்திருக்கும். அன்றிரவு கைப்பேசியும் வீட்டுக் கணினியும் சந்தித்தபோது, சிங்க்திங் இரண்டையும் வைத்துக்கொண்டது: ஒன்று வழக்கமான பெயரில், மற்றொன்று அதே பெயருடன் "சிங்க்-கான்ஃப்ளிக்ட்" (ஒத்திசைவு மோதல்) என்ற ஒட்டும் தேதியும் நேரமும் சேர்ந்து. எது சரி என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. கால்க்கில் இரு கோப்புகளை ஒப்பிடும் வசதி இருப்பதால், மாறியிருந்த கட்டங்களைப் பார்த்து, ஆறு எண்களையும் கையால் சேர்த்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அவற்றுள் ஒரு கட்டத்தில், தேர்வுக்கு வராத மாணவனுக்கு ஒரு கோப்பில் 0 என்றும் மற்றதில் "வ.இ." (வருகை இல்லை) என்றும் இருந்தது. எண்ணாக 0 இருந்தால் சராசரி கீழே இறங்கும்; எழுத்தாக இருந்தால் கால்க் அதைச் சராசரியில் சேர்க்காது. அவன் அம்மை போட்டு வீட்டில் கிடந்தான் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மதிப்பெண் விஷயத்தில் முடிவை என்னிடம் விட்டுவைக்கும் கருவியே எனக்கு வேண்டும்.

அந்த இரவில் இன்னொன்றையும் கவனித்தேன். மோதல் நேரும்போது, திருத்திய நேரம் எந்தக் கோப்பில் பழையதாகப் பதிவாகியிருக்கிறதோ அதற்குத்தான் ஒட்டுப்பெயர் சூட்டப்படும். திங்களன்று பள்ளியில் திருத்திய கோப்புதான் புதியது. ஆனால் ஒட்டுப்பெயர் அதற்கே விழுந்திருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், பள்ளிக் கணினியின் கடிகாரம் 2010-ஆம் ஆண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகள், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் இப்படிக் காலத்தில் பின்னோக்கிப் போய்விடும். ஒட்டுப்பெயர் உள்ள கோப்பு பழையதாகத்தான் இருக்கும் என்று நம்பி அழித்திருந்தால், வகுப்பின் சிறுதேர்வு மதிப்பெண்கள் முழுவதும் போயிருக்கும். பேட்டரியை மாற்றிய பிறகு அந்தக் குழப்பம் திரும்பவில்லை. ஒட்டுப்பெயர்க் கோப்பைத் திறந்து பார்க்காமல் அழிப்பதில்லை என்ற பழக்கம் மட்டும் எனக்கு நிலைத்துவிட்டது.

கால்க் பயன்படுத்துவோர் இன்னொரு சிறு தொல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு கோப்பைத் திறந்தவுடன் லிப்ரேஆபிஸ் அதே கோப்புறையில் ஒரு மறைவான பூட்டுக்கோப்பை உருவாக்கும். மின்வெட்டால் கணினி அணைந்துபோனால் அது அங்கேயே தங்கி, மற்றக் கணினிக்கும் பயணித்து, "இந்த ஆவணம் வேறொருவரால் பூட்டப்பட்டுள்ளது" என்று அங்கே மிரட்டும். அந்த வேறொருவர் நாமேதான். புறக்கணிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலில் பூட்டுக்கோப்பின் பெயர் வடிவத்தை எல்லாக் கருவிகளிலும் ஒருமுறை எழுதிவிட்டால் இது தீரும்.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிடக்கூடாது. ஓரிடத்தில் கோப்பை அழித்தால் மற்ற இடங்களிலும் அழியும். அதுதான் ஒத்திசைவின் பொருள். இதற்காகவே பழைய பதிப்புகளைத் தனியே சேர்த்துவைக்கும் அமைப்பு இதில் இருக்கிறது. படிநிலைப் பதிப்பு முறையைத் தேர்ந்தால், முதல் ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று, அதன்பின் வாரத்துக்கு ஒன்று எனப் பழைய பிரதிகள் தங்கும். ஆனால் வேறு கருவியிலிருந்து வந்த மாற்றத்தால் பழசான கோப்பு மட்டுமே இப்படிச் சேமிக்கப்படும். அதே கணினியில் நாமே திருத்தியதன் முந்தைய வடிவம் அந்தக் கணினியில் சேராது. ஆகவே மூன்று கருவிகளிலும் இதை இயக்கிவைப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் முழங்கால் அளவு நீர் புகுந்து, மேசைக்கடியில் இருந்த கணினி பழுதாகிவிட்டது. அப்போது இந்த மென்பொருள் என்னிடம் இல்லை. இப்போதும் பருவம் முடிந்தவுடன் மதிப்பெண் தாளை அச்சிட்டுப் பதிவேட்டில் ஒட்டத்தான் செய்கிறேன்.

கூகுள் ஷீட்ஸ் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். இரண்டு இடங்களிலும் இணையம் நிலையாக இருந்து, பள்ளி நிர்வாகமும் ஒப்புக்கொண்டால், அது எளிதுதான். கோப்பு ஒன்றே ஒன்றாக இருப்பதால் இரு பிரதிகள் என்ற சிக்கலே எழாது, பழைய பதிப்புகளையும் திறந்து பார்க்கலாம். எங்களுக்கு அந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறவில்லை. எதைப் பயன்படுத்தினாலும், இறுதியில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மதிப்பெண்களை ஏற்றும் வேலை தனியாக இருக்கவே செய்கிறது.

நிறுவ விரும்புவோருக்கு இரண்டு குறிப்புகள். இப்போதைய பதிப்புகளுக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். மேலும், உலாவியில் திறக்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் இருக்காது. பலர் கைவைக்கும் பள்ளிக் கணினியில் அதை முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை தனக்கும் இதை நிறுவித் தரும்படி கேட்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை செய்து தருவதாகச் சொல்லி, அவர் அறைக் கணினியைத் திறந்து பார்த்தேன். அது 2009-இல் இருந்தது. முதலில் ஒரு பேட்டரி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.