ஐஸ் க்யூபின் ‘டெத் சர்டிஃபிகேட்’: கல்லாவுக்கு அந்தப் பக்கம் யார்?

தெருக் கும்பல்களின் வாழ்க்கையைப் பாடும் கேங்ஸ்டா ராப்பில் ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்க வேண்டும் என்றால் எது என்று யாராவது கேட்டால், எல்லோரும் சொல்லும் டாக்டர் ட்ரே பெயரை நான் சொல்வதில்லை. ஐஸ் க்யூபின் ‘டெத் சர்டிஃபிகேட்’ என்பேன். சொன்ன கையோடு, அதில் இரண்டு பாட்டுகள் வயிற்றைக் கலக்கும், அதிலும் ஒன்றை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

1991 அக்டோபர் 29இல் வந்த ஆல்பம் இது. அப்போது க்யூபுக்கு 22 வயது. ட்ரேயும் இருந்த என்.டபிள்யூ.ஏ. என்ற லாஸ் ஏஞ்சலிஸ் ராப் குழுவின் முக்கியமான வரிகளை எழுதிய ஆள், பணக் கணக்கில் தகராறாகி 1989 கடைசியில் வெளியே வந்துவிட்டார். முதல் தனி ஆல்பத்தை நியூயார்க்கில், பப்ளிக் எனிமி ராப் குழுவின் இசையமைப்பாளர்களான பாம் ஸ்க்வாடோடு சேர்ந்து செய்தார். இரண்டாவதான இதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் ஆட்களே போதும் என்று சர் ஜிங்ஸ், பூகிமென் ஆகியோரை வைத்துக்கொண்டார். அந்த மாற்றம் காதிலேயே தெரிகிறது. நியூயார்க் இரைச்சல் குறைந்து பேஸ் கனத்திருக்கிறது. ஜார்ஜ் கிளின்டன் வகை ஃபங்க் அடியில் உருண்டுகொண்டே இருக்க, அதன் மேல் க்யூபின் குரல் ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் வந்து அறைகிறது. இதே மாதிரி ஃபங்க் ஒலிக்குப் பேர்போன ட்ரேயின் ‘தி க்ரானிக்’ ஆல்பம் வந்தது இதற்கு ஓராண்டு கழித்துத்தான்.

அட்டையில் பிணவறை. அமெரிக்கக் கொடியால் மூடிய சடலத்தின் கால் விரலில் ‘அங்கிள் சாம்’ என்று ஒரு சீட்டு, பக்கத்தில் க்யூப். ஆல்பத்துக்குள் முதல் பாதி ‘டெத் சைடு’, இரண்டாம் பாதி ‘லைஃப் சைடு’. கறுப்பினத்தவர் இன்று எங்கே நிற்கிறார்கள் என்பது முதல் பாதி, எங்கே போக வேண்டும் என்பது இரண்டாவது. ஆல்பத்தில் உள்ள அறிவிப்பு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் என் காதுக்கு இரண்டும் தலைகீழாக அமைந்துவிட்டன. சாவுப் பக்கத்தில்தான் மனிதர்கள் உயிரோடு நடமாடுகிறார்கள். வாழ்வுப் பக்கத்தில் பல இடங்களில் வெறும் பிரசங்கம்.

‘எ பேர்ட் இன் தி ஹேண்ட்’ பாட்டை மட்டும் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பி.பி. கிங்கின் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த இசை பின்னால் ஓடுகிறது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அப்பாவாகிவிட்ட ஒரு பையன். ஒழுங்கான வேலை கேட்டுப் போன இடத்தில் கிடைக்கவில்லை, பர்கர் கடைச் சம்பளம் குழந்தைக்குக் காணவில்லை. கடைசியில் அவன் கையில் ‘பேர்ட்’ வந்து சேர்கிறது. தெரு வழக்கில் அது ஒரு கிலோ கொக்கெய்ன். இதில் எங்கேயும் அழுகை இல்லை, நியாயப்படுத்தலும் இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கைப் படித்துக் காட்டுகிற குரலிலேயே கதை முழுக்கச் சொல்லிவிடுகிறார். போதைப்பொருள் விற்பவனை மேடையில் நின்று திட்டுவது யாருக்கும் கைவரும். அவன் சட்டைக்குள் போய் உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும், அது இந்த மனிதரிடம் கொட்டிக் கிடந்தது.

‘மை சம்மர் வெக்கேஷன்’ இன்னொன்று. லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸ் கெடுபிடி அதிகமாகிவிட, கேங் பையன்கள் செயின்ட் லூயிஸ் நகருக்கு விமானம் ஏறிப் போய் அங்கே சரக்கு விற்க ஆரம்பிக்கிறார்கள். எந்தச் சண்டையிலிருந்து தப்பி வந்தார்களோ அதே சண்டை புது ஊரிலும் முளைக்கிறது. கேங் எப்படிப் பரவுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அலைவ் ஆன் அரைவல்’ இருக்கிறதே, அது ராத்திரியில் தனியாகக் கேட்கிற பாட்டல்ல. குண்டடி பட்டவன் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறான், காத்திருக்கிறான், வைத்தியத்துக்கு முன்னால் போலீஸ் கேள்விதான் வருகிறது. கூடவே ‘அஸ்’ என்ற பாட்டையும் சொல்ல வேண்டும். அதில் விரல் முழுக்கத் தன் ஆட்களை நோக்கியே நீள்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துப் பொறாமைப்படுகிறோம், ஷூவுக்கும் தலைமுடிக்கும் செலவழிக்கிறோம், சொந்தத் தெருவுக்கே விஷம் விற்கிறோம் என்று.

இந்த ஆல்பம் வந்தபோது இதையெல்லாம் பேசியவர்கள் குறைவு. எல்லோரும் பேசியது ‘பிளாக் கொரியா’, ‘நோ வாசலின்’ இரண்டையும் பற்றித்தான். பில்போர்டு இசைப் பத்திரிகை தலையங்கம் எழுதிக் கண்டித்தது. சைமன் வீசந்தால் மையம் என்ற யூத மனித உரிமை அமைப்பு, கடைகள் இதை விற்கக் கூடாது என்றது. பிரிட்டனில் அந்த இரண்டு பாட்டுகளையும் தூக்கிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். ஆல்பமோ பில்போர்டு பட்டியலில் நேராக 2ஆம் இடத்தில் வந்து இறங்கியது, இரண்டு மாதத்துக்குள் பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் பிரதி, ஆனது.

கண்டித்தவர்கள் சொன்னது தப்பா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ‘பிளாக் கொரியா’ ஒரு நிமிடம்கூட ஓடாது. அதன் பின்னணி தெரியாமல் அதைக் கேட்கவும் கூடாது. 1991 மார்ச்சில் லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுப் பெண்ணை, ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ் தகராறில், தென் லாஸ் ஏஞ்சலிஸில் கடை வைத்திருந்த கொரியப் பெண்மணி பின்தலையில் சுட்டுக் கொன்றார். ஜூஸின் விலை 1.79 டாலர், பெண்ணின் கையில் 2 டாலர் இருந்தது. எல்லாம் கடை கேமராவில் பதிவானது. ஆல்பம் வந்து இரண்டு வாரம் கழித்து நீதிபதி கொடுத்த தண்டனையில் சிறை கிடையாது. நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, 500 டாலர் அபராதம். இதைப் படிக்கும்போது எனக்கே உடம்பு நடுங்குகிறது, அந்தத் தெருவில் வளர்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் பாட்டு அந்தக் கொலையைப் பற்றியது இல்லை. லட்டாஷாவின் பெயரே அதில் வராது. கடைக்குள் நுழைந்ததும் கொரியக் கடைக்காரர்கள் சந்தேகத்தோடு பின்னாலேயே வருவதைச் சொல்லிவிட்டு, ஒரு இனத்தையே கிண்டல் செய்து, மரியாதை தராவிட்டால் கடையைக் கொளுத்துவோம் என்று முடிகிறது. எனக்கு இதில் வலிப்பது மிரட்டலைவிட வேறொன்று. சரக்கு விற்கும் பையனின் சட்டைக்குள் புகுந்து எழுதத் தெரிந்தவருக்கு, கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை ஒரு வரி நேரமாவது பார்க்கத் தோன்றவில்லை. லட்டாஷாவைச் சுட்ட கடைக்காரக் குடும்பத்துக்கும் கேங் மிரட்டல் இருந்தது என்பது வழக்கிலேயே பேசப்பட்டது. அது கொலைக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் அங்கே எழுத ஒரு கதை இருந்தது, அதை எழுதக்கூடிய ஆளும் இவர்தான், அவர் எழுதவில்லை.

கொரிய-அமெரிக்க மளிகைக் கடைக்காரர்கள் சங்கம், க்யூப் விளம்பரத்தில் நடித்த செயின்ட் ஐட்ஸ் மதுவை விற்க மறுத்தது. கம்பெனி அவர் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டது, அப்புறம் க்யூப் அந்தச் சங்கத்திடம் வருத்தம் தெரிவித்தார். ஆறு மாதத்தில், 1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் நகரமே எரிந்தது. கொரியர்களின் கடைகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் சேதமாயின. பாட்டுதான் எரித்தது என்று நான் நம்பவில்லை. அந்தக் கோபம் பாட்டுக்கு முன்பே தெருவில் இருந்தது. இருந்தாலும் அந்த வரிகளை இன்று முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனம் என்று சிலர் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘நோ வாசலின்’ வேறு கதை. என்.டபிள்யூ.ஏ.வின் பழைய நண்பர்கள் தங்கள் பாட்டில் துரோகி என்று திட்டியதற்கு இவர் கொடுத்த பதில். எதிராளியைத் திட்டும் டிஸ் பாட்டு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், நான்கு பேருக்கு எதிராக ஒருவர், மூச்சுவிட இடமே தராமல். ஆனால் குழுவின் மேனேஜர் ஜெர்ரி ஹெல்லரைத் திட்டும்போது அவர் எடுத்த பணத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் போதுமே, அவர் யூதர் என்பதை எதற்கு இழுக்க வேண்டும்? தற்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் வரிகளும் அதே ரகம். பெண்கள் வரும் பாட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவற்றை நான் தாண்டிவிடுவேன், அங்கே ஒரு பெண்கூட மனுஷியாக வருவதில்லை.

வாங்குவதாக இருந்தால் இரண்டு பாட்டு வெட்டிய பழைய பிரிட்டிஷ் பதிப்பு வேண்டாம். மோசமானதையும் கேட்டால்தான் நல்லது எவ்வளவு நல்லது என்பது புரியும். 2017இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்று புதுப் பாட்டுகள் உண்டு, அவற்றைத் தனியாக வேறொரு நாள் கேட்டுக்கொள்ளலாம். பழைய இருபதையும் வரிசை மாற்றாமல், ஷஃபிள் போடாமல், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘கலர் பிளைண்ட்’ வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். கூலியோ, டபிள்யூ.சி., கிங் டீ என்று ஏழு பேர் மைக்கைக் கைமாற்றிக்கொண்டு, எந்த கேங்கின் நிறம், சிவப்புத் துணியா நீலத் துணியா என்று பார்த்துச் சுட்டுக்கொள்வதைப் பேசுகிறார்கள். அதில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை, மாறி மாறித் தங்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள்.