பிலிமிலிருந்து கிறொப் சென்சருக்கு: பழைய லென்ஸ் என்ன சொல்கிறது?

நிக்கோன் எப்எம்2 என்ற பிலிம் கமராவிலிருந்து டி7000 என்ற டிஜிற்றல் கமராவுக்கு மாறிவிட்டேன். பிலிம் ரோலின் விலை, மட்டக்களப்பிலிருந்து கழுவக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது, இதெல்லாம் எல்லோரும் அறிந்த கதை. அலுமாரியில் கையால் குவியம் பிடிக்கும் பழைய லென்ஸ்களை வைத்திருப்பவருக்குக் கேள்வி வேறு: புதிய கமராவில் அவை உயிரோடு இருக்குமா?

நிக்கோனின் எப் மவுண்ட், அதாவது லென்ஸைக் கமராவில் பூட்டும் வளையம், 1959 இல் வந்தது. அதனால் பழைய லென்ஸ் அநேகமாக எந்த நிக்கோன் எஸ்எல்ஆரிலும் பொருந்தும். ஆனால் பொருந்துவது வேறு, ஒளியை அளப்பது வேறு. மலிவான டி3000, டி5000 வரிசைகளில் இந்த லென்ஸைப் பூட்டினால் மீற்றர் செத்துவிடும். குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். டி7000 இல் மவுண்டின் ஓரத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. ஒளி புகும் துவாரத்தை மாற்றும் லென்ஸின் துவார வளையத்தைத் திருப்பும்போது அதுவும் கூடவே நகர்ந்து, எந்தத் துவாரம் என்பதைக் கமராவுக்குச் சொல்லும். குவியத் தூரத்தையும் அதிகபட்சத் துவாரத்தையும் மெனுவில் ஒருமுறை பதிந்தால் போதும். ஒன்பது லென்ஸ்களை நினைவில் வைத்துக்கொள்ளும். 2010 இல் வந்த கமராவை, அதைவிடப் புதிய மலிவுக் கமராக்களை விட்டுவிட்டு நான் எடுத்தது இந்த நெம்புக்காகத்தான். ஒரு எச்சரிக்கை: 1977 க்கு முந்திய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை இதில் பூட்டக் கூடாது. நெம்பு உடையக்கூடும்.

அடுத்தது 1.5 மடங்குக் கணக்கு. டி7000 இன் கிறொப் சென்சர் பிலிமை விடச் சிறியது. படத்தின் ஓரம் வெட்டுப்படுவதால், லென்ஸின் குவியத் தூரம் 1.5 மடங்கு நீண்டதுபோலத் தெரியும். என் 50 மிமீ லென்ஸ் 75 போல நடந்துகொள்கிறது, முகங்களுக்கு அருமை. 28 மிமீ 42 ஆகிவிட்டது. கொக்கட்டிச்சோலைத் தேரடியில் கூட்டம் பின்னால் நெருக்கும்போது, சில்லு முதல் முடி வரை அதில் அடங்காது. அதற்காகவே 18–55 பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று. பொத்துவில் களப்புப் பறவைகளுக்கோ இதே குறை வரமாகிறது: 200 மிமீ 300 ஆக நீள்கிறது.

குவியம் பிடிப்பதில் எப்எம்2 தான் ராஜா. கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடியின் நடுவே பிளந்து நிற்கும் உருவம் ஒட்டிக்கொண்டால் முடிந்தது. குவியம் சரி என்று சொல்ல டி7000 இன் மூலையில் எரியும் பச்சைப் புள்ளி, துவாரம் அகலமாக இருக்கும்போது கொஞ்சம் தாராளமாகவே தலையாட்டுகிறது. பாசிக்குடா மணலின் உச்சிவெயிலையும் கலர் நெகற்றிவ் பெருந்தன்மையாகத் தாங்கும். சென்சரில் வெண்மை எரிந்தால் எரிந்ததுதான். ஒளியை முக்கால் படி குறைத்து, ரோ கோப்பில் (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கிறேன். வெயிலில் சென்சர் வைக்கும் இந்தக் கடனை, இரவுத் திருவிழாவில் ஐஎஸ்ஓ 1600 என்ற கூடிய ஒளியுணர்திறன் தீர்த்துவிடுகிறது.

பராமரிப்பில் பூஞ்சணம் இருவருக்கும் பொது எதிரி. மாரியில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் இந்த ஊரில் லென்ஸ் வைத்திருக்க முடியாது. சென்சரில் படியும் தூசு டிஜிற்றலுக்கே உரிய தொல்லை. கல்லடிக் கடற்கரையில் நான் லென்ஸ் மாற்றுவதே இல்லை. கறுப்பு வெள்ளையில் எனக்கு அனுபவம் குறைவு. வீட்டிலேயே கழுவுபவருக்கு என் கணக்குப் பொருந்தாமல் போகலாம்.

பாவித்த டி7000 வாங்கப் போகிறவர் தன் பழைய லென்ஸைக் கையோடு கொண்டுபோகட்டும். பூட்டி, விவரத்தைப் பதிந்து, துவார வளையத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திரையில் இலக்கம் மாறாவிட்டால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.