வேதியியல் பிடித்த மாணவர் எந்தப் பட்டத்தில் சேரலாம்? பாதைகளின் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில், வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்களின் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிச்சுற்றி வருகிறது. பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ப்பதா, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற நிறுவனத்தின், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு முயல்வதா, பொறியியல் கலந்தாய்வில் வேதிப்பொறியியலைத் தேர்ந்தெடுப்பதா? இவற்றோடு தொழிலக வேதியியல், பயன்பாட்டு வேதியியல் என்ற பெயர்களில் நடத்தப்படும் மூன்றாண்டுப் பட்டங்களும் சேர்ந்துகொண்டு குழப்பத்தைக் கூட்டுகின்றன. பதினேழு வயதில் தான் எந்த வேலைக்குப் போவோம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஆகவே, எந்தப் பட்டம் அதிகச் சம்பளம் தரும் என்று பார்ப்பதை விட்டு, இடையில் மனம் மாறினால் எந்தப் பட்டம் எத்தனை வழிகளைத் திறந்து வைத்திருக்கும் என்ற அளவுகோலைக் கொண்டே இவற்றை ஒப்பிடுகிறேன்.

முதலில் வேதிப்பொறியியலைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். வேதியியல் பிடிக்கும் என்பதற்காகவே இதில் சேர்பவர்கள் பலர். ஆனால் இது வேறொரு பாடம். பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், பொருண்மைப் பரிமாற்றம், வினைகலன் வடிவமைப்பு ஆகியவையே இதன் முதுகெலும்பு. ஆய்வகக் குடுவையில் நூறு மில்லி லிட்டரில் நடக்கும் வினையை ஆலையில் பல ஆயிரம் லிட்டரில் பாதுகாப்பாக நடத்துவது எப்படி என்பதுதான் இதன் கேள்வி. தமிழகக் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்ற பங்கீடே இதை ஓரளவு உணர்த்துகிறது. கணிதத்தை விரும்பும் மாணவருக்கு இது மிக நல்ல படிப்பு. 1944இல் தொடங்கப்பட்ட சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் நடத்தப்படும் வேதி-மின்வேதிப் பொறியியல் படிப்பும் நம் மாநிலத்திலேயே உள்ளன. ஆனால், பிறகு வேதியியல் ஆசிரியராகவோ கரிம வேதியியல் ஆய்வாளராகவோ மாற நினைத்தால், பொறியியலிலிருந்து அங்கே திரும்பிவருவது கடினம். மறுதிசையில் வழி உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை: பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு ஒருங்கிணைந்த படிப்புக்கு நிகரானது இல்லை. நாட்டில் ஏழு ஐசர்கள் உள்ளன. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு அருகில் இருப்பவை. அங்கே தொடக்க ஆண்டுகளில் நான்கு அறிவியல்களையும் படித்துவிட்டு, பிறகே முதன்மைப் பாடத்தை ஊன்றிப் படிக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு முழுவதும் ஆய்வேட்டுக்குப் போய்விடுகிறது. வேதியியலென்று வந்தவர் உயிரியல்பால் ஈர்க்கப்பட்டாலும் அங்கேயே மாறிக்கொள்ள இடமுண்டு. சிக்கல் நுழைவாயிலில் இருக்கிறது. ஐசர் நுழைவுத்தேர்வின் 60 வினாக்களில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 வினாக்கள் வருவதால், உயிரியலையோ கணிதத்தையோ மேல்நிலையில் விட்டுவிட்ட மாணவர் கால்பங்கு மதிப்பெண்ணைத் தொடக்கத்திலேயே இழக்கும் நிலையில் இருக்கிறார்.

அந்தத் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளைகள் துவண்டுபோவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. ஏனெனில் மூன்றாண்டு கழித்து அதே தரத்திலான இன்னொரு வாயில் திறக்கிறது. ஜாம் எனப்படும் நுழைவுத்தேர்வின் வழியாக ஐஐடிகளில் எம்.எஸ்சி. வேதியியல் சேரலாம். அதற்குத் தேவையான பாடம் நம் கல்லூரிகளின் பி.எஸ்சி. பாடத்திட்டத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. மாறுபடுவது வினாவின் ஆழமே. முதல் பருவத்திலிருந்தே கணக்கீட்டு வினாக்களைப் பழகிவந்தவர் உள்ளூர் அரசுக் கல்லூரியில் படித்தே இதை எழுதிவிடலாம். ஒருங்கிணைந்த படிப்பும் ஐந்தாண்டு, இந்த வழியும் மூன்றும் இரண்டுமாக ஐந்தாண்டு. செலவிலோ இரண்டுக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. இடையில் மூன்றாமாண்டு முடிவில் கையில் ஒரு முழுப் பட்டம் இருப்பதால், வீட்டுச் சூழல் மாறினாலும் வேலைக்குப் போகவோ அரசுப் பணித் தேர்வு எழுதவோ முடியும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது சிறிய விஷயமன்று.

இனி, மூன்றாண்டுப் பட்டத்துக்குள்ளேயே இருக்கும் தேர்வுக்கு வருகிறேன். மாணவர்கள் மிகக் குறைவாக யோசிப்பது இதைப் பற்றித்தான்; பின்னாளில் மிக அதிகமாக வருந்துவதும் இதற்காகத்தான். தொழிலக வேதியியல் பட்டம் ஆலை சார்ந்த பாடங்களையும் பயிற்சியையும் கூடுதலாகத் தருவதால், மணலி, கடலூர், இராணிப்பேட்டை போன்ற இடங்களில் முதல் வேலை கிடைக்க உதவக்கூடும். ஆனால் தமிழகத்தில் அரசுப் பணிக்குப் பட்டத்தின் பெயரே முதலில் பார்க்கப்படுகிறது. பெயர் மாறியிருந்தால், அது வேதியியல் பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணை உள்ளதா என்று தேட வேண்டியிருக்கும். அந்த ஆணை இல்லாமல், சான்றிதழ் சரிபார்ப்பு வரை வந்து ஆசிரியர் பணி வாய்ப்பை இழப்பது எத்தனை கொடுமை என்று சொல்லத் தேவையில்லை. ஆசிரியப் பணியை ஒரு வாய்ப்பாகவேனும் மனத்தில் வைத்திருப்பவர் வெறும் ‘வேதியியல்’ என்று அச்சிட்ட பட்டத்தையே வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. தொழிலகத் திறன்களைப் பிறகு பயிற்சியாலும் பெறலாம்; பட்டத்தின் பெயரை மாற்ற முடியாது.

துணைப்பாடமும் அப்படித்தான். சேர்க்கை நாளன்று ‘அலைடு கணிதமா, விலங்கியலா’ என்று கேட்கும்போது, தோழிகள் எதை எடுத்தார்களோ அதையே எடுத்துவிடும் பழக்கம் இன்றும் இருக்கிறது. பல ஐஐடிகளின் எம்.எஸ்சி. வேதியியலுக்கு, மேல்நிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கல்பாக்கம் உள்ளிட்ட அணுசக்தித் துறை நிறுவனங்கள் பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரிகளை உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளர்களாக எடுக்கும்போது, 60 விழுக்காடு மதிப்பெண்ணோடு இயற்பியல், கணிதம் போன்ற துணைப்பாடங்களையும் எதிர்பார்க்கின்றன. குவாண்டம் வேதியியலும் வெப்ப இயக்கவியலும் கணிதமின்றிப் புரிவதில்லை என்பது இவை எல்லாவற்றுக்கும் மேலான காரணம். தாவரவியலும் விலங்கியலும் பயனற்றவை என்று சொல்லவில்லை; மருந்து வேதியியல், உயிர்வேதியியல், நச்சியல் பக்கம் போக நினைப்பவருக்கு அவை நல்ல அடித்தளம். வழி இன்னும் முடிவாகாதவருக்குத்தான் கணிதமும் இயற்பியலும் என்கிறேன்.

மருந்துத் துறையையும் உணவுத் துறையையும் சட்ட விதிகளை வைத்து ஒப்பிட்டால் படம் தெளிவாகும். மருந்து உற்பத்தியை மேற்பார்வையிடும் தகுதி பெற்ற பணியாளருக்கான விதிமுறையில் பி.பார்ம். பட்டதாரிக்குப் பதினெட்டு மாத அனுபவம் போதும். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரிக்கும் வேதிப்பொறியாளருக்கும் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். வாயில் மூவருக்கும் திறந்திருக்கிறது, காத்திருக்கும் காலம்தான் வேறு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியில் நிலைமை மாறுகிறது. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் இளநிலைப் பட்டமே போதும். வேதியியலிலோ முதுநிலைப் பட்டம் கேட்கப்படுகிறது. அந்தப் பணியையே குறிவைத்திருப்பவர் பி.எஸ்சி. வேதியியலோடு நின்றுவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

நான்காண்டு இளநிலைப் பட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வில் சேரத் தகுதி பெறுகிறார். தமிழக அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டு முறையே தொடர்வதால், இங்கே படிப்பவருக்கு இது உடனடிக் கவலையாக வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் தரவரிசையையும் பார்க்கிறோம்; ஆய்வகத்தைப் பார்ப்பதில்லை. தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு வரும் பட்டதாரியிடம் கேட்பது பெரும்பாலும் எளிய கேள்விகள்தான்: கரைசலின் செறிவை எப்படித் தரப்படுத்துவீர்கள், அளவீட்டில் பிழை எங்கே நுழையும், கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் வரைபடத்தில் உச்சிகள் பிரியவில்லை என்றால் எதை மாற்றிப் பார்ப்பீர்கள்? இவற்றுக்குக் கையால் செய்து பழகியவரே தயங்காமல் பதில் சொல்ல முடியும். ஆகவே சேர்க்கைக்கு முன் ஒரு நாள் கல்லூரிக்கு நேரில் சென்று, இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை வகுப்பு உண்மையாகவே நடக்கிறது, டைட்ரேஷனை ஒவ்வொருவரும் தனியாகச் செய்கிறார்களா அல்லது நால்வருக்கு ஒரு பியூரெட்டா, நிறமாலைமானி பயன்பாட்டில் இருக்கிறதா அல்லது உறையிட்டு மூடி வைக்கப்பட்டிருக்கிறதா? அவர் சொல்லும் பதிலைக் கேட்டபின் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.