மரத்தொட்டியை மண் போடும் முன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்

கொல்லைப்புறத்துக்கு மரத்தொட்டி ஆர்டர் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பட்டறையில் பேசி முடித்தது இதுதான்: 1.2 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலம், மண் நிற்க 40 செ.மீ. ஆழம். பின்பக்கம் கொடி ஏற ஆளுயரச் சட்டம். ஒரு ஓரத்தில் பெஞ்சு, அதன் பலகையைத் தூக்கினால் உள்ளே உரம், களைக்கொத்து வைக்கப் பெட்டி. முழுக்கத் தேக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு, வெளிப்புறத்துக்கான பூச்சு. வந்த பொருள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலம் முடியுமுன் அடி கழன்று மண் தரையில் இறங்கியது, கொடிச்சட்டம் முன்னால் சாய்ந்தது. கேட்டதற்குப் பட்டறை சொன்ன பதில்: "மண்ணு போட்டுட்டீங்க, தண்ணி பட்டுருச்சு, இனி வாரண்டி கிடையாது." செடித்தொட்டியில் மண்ணும் தண்ணீரும் விடாமல் வேறு என்ன செய்வதாம்?

பிரித்துப் பார்த்தபோது மோசடி எல்லாம் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் இருந்தது. முதலில் அடி. 6 மி.மீ. உட்புற ரக பிளைவுட்டைக் கீழிருந்து சின்ன ஆணியால் அறைந்திருக்கிறார்கள். இந்த அளவுத் தொட்டியில் ஏறத்தாழ 216 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த தோட்டத்து மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும் என்பதால், மொத்தம் 320 கிலோவைத் தாண்டிவிடும். அந்தப் பாரம் முழுவதும் ஆணியைக் கீழ்நோக்கிப் பிடுங்கும் திசையில் இறங்குகிறது. பிளைவுட்டின் பசை ஈரத்தில் விட்டு, ஏடு ஏடாகப் பிரிந்தபின் ஆணி பிடிக்க அங்கே எதுவுமே இல்லை. முறைப்படி செய்தால் நாலு பக்கமும் உட்புறமாக 40 மி.மீ. சதுரச் சட்டம் திருகி, நடுவில் 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, அவற்றின் மேல் 20–25 மி.மீ. பலகைகளை 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்குவார்கள். பாரம் சட்டத்தின் மேல் உட்கார வேண்டும், ஆணியில் தொங்கக் கூடாது.

அடுத்து மரம். தேக்குதான், பொய்யில்லை. ஆனால் பாதிக்கு மேல் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி. தேக்கில் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கருத்த பகுதிதான் பூஞ்சையையும் கரையானையும் தாங்கும்; வெளுப்புப் பகுதி தேக்காக இருந்தாலும் சீக்கிரம் மக்கும். இரண்டையும் ஒரே நிறமாகக் காட்டச் சாயம் ஏற்றி, ஓட்டைகளில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பட்டி பார்த்து, மேலே வார்னிஷ் அடித்தால் பளபளப்பில் ஒன்றும் தெரியாது. காட்டிக்கொடுப்பது பலகையின் வெட்டுமுகம்தான், அதாவது குறுக்கே அறுத்த முனை. சாயம் பூசாத நிலையில் வைரமும் வெள்ளையும் அங்கே தனித்தனியாகத் தெரியும். அதனால் பூச்சு அடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள். "பூச்சு அடிச்சதும் கூப்பிடறேன்" என்று சொல்பவரிடம் சற்று உஷாராக இருப்பது நல்லது.

வெட்டுமுகத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பலகையின் அகன்ற முகத்தைவிட அதன் முனை பல மடங்கு தண்ணீர் உறிஞ்சும். இந்தத் தொட்டியின் கால்முனைகளில் ஒரு சொட்டுப் பூச்சு இல்லை. ஈரத் தரையில் நேராக நின்று அங்கிருந்துதான் மக்கல் மேலே ஏறியிருக்கிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்க வைக்கும் பூஞ்சை வளராது. கால்முனையில் எபாக்சி தடவி, அடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கட்டை வைத்து, தொட்டியின் அடிக்கும் தரைக்கும் நடுவில் குறைந்தது 5 செ.மீ. காற்றோட்டம் விட்டிருந்தால் போதும்.

உள்ளே விரித்த பிளாஸ்டிக் தாள்தான் உச்சம். அடியில் ஒரு துளைகூட இல்லை. தண்ணீர் தேங்கி, தாளைக் குத்திய ஸ்டேப்பிள் ஓட்டைகள் வழியாகக் கசிந்து, தாளுக்கும் மரத்துக்கும் நடுவில் காயவே வழியில்லாமல் நின்றது. தாளே இல்லாமல் விட்டிருந்தால்கூட மரம் இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும். பக்கங்களுக்கு மட்டும் தாள், மேல்விளிம்பில் மட்டும் ஸ்டேப்பிள், அடியில் தண்ணீர் இறங்கும் துணி: இதுதான் சரி. அடியில் ஜல்லி போட்டால் வடிகால் கிடைக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஜல்லிக்கு மேலே மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்கும், வேருக்குக் கிடைக்கும் ஆழமும் குறையும்.

திருகுகளை ஒரு காந்தமே சோதித்துவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் லேசாக ஒட்டலாம். பச்சக் என்று பிடித்துக்கொண்டால் அது 304 இல்லை. இங்கே இருந்தது முலாம் பூசிய இரும்பு. தலையைச் சுற்றிக் கருநீலக் கறை. போதாக்குறைக்கு, மூலைகளில் எல்லாத் திருகும் வெட்டுமுகத்துக்குள் ஏறியிருந்தன. நாரோடு நாராக இறங்கும் திருகுக்குப் பிடிமானம் குறைவு. மூலையில் ஒரு நிற்கும் கட்டை கொடுத்து, முன்துளை போட்டு, கட்டையின் பக்கவாட்டில் திருகியிருக்க வேண்டும்.

கொடிச்சட்டம் தொட்டியின் மேல்விளிம்பில் இரண்டு எல் வடிவப் பட்டையில் நின்றது. கொடி படர்ந்தபின் அது காற்றை வாங்கும் பாய். நெம்புகோல் விசை முழுவதும் அந்த இரண்டு பட்டைக்குப் போகிறது. சட்டத்தின் கால்கள் பின்பலகையை ஒட்டித் தொட்டியின் அடிவரை இறங்கி, மேலும் கீழும் போல்ட் போடப்பட வேண்டும்.

பெஞ்சுப் பெட்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரே பலகை. உள்ளே வைத்த உரம் கட்டிதட்டியது, கீல் துருப்பிடித்தது. இரண்டு பலகை, நடுவில் ஒரு விரல் இடைவெளி, பெட்டியின் அடியில் காற்றுத்துளை வேண்டும். பல வேலைக்கு ஒரே பொருள் என்று விற்கிறவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சட்டம் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆர்டர் சீட்டில் "தேக்கு" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "வைரப்பகுதி மட்டும், பலகை கனம் 25 மி.மீ., அடி சட்டத்தின் மேல், 304 திருகு, மண்ணும் நீரும் நிரப்பிய நிலையில் வாரண்டி" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொருள் வந்ததும் கவிழ்த்து, அடியையும் கால்முனையையும் படம் எடுத்துக்கொண்ட பிறகே மிச்சப் பணம்.

ஏற்கெனவே இப்படி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், மண்ணை அள்ளிவிட்டுக் கத்திமுனையால் பலகைகளைக் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே போகும் பலகையை மாற்றுங்கள். மற்றவற்றை நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். மக்காமல் இருக்க என்று பழைய எஞ்சின் ஆயில் தடவச் சொல்வார்கள். கீரை, காய் வளர்க்கும் மண்ணுக்கு அது விஷம். மாற்றுப் பலகையாகப் பழைய ரயில் கட்டையும் வேண்டாம், அதில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஏறியிருக்கலாம். பச்சை சாயல் தெரியும் பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்செனிக் இருக்க வாய்ப்புண்டு. அதன் துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கக் கூடாது.