710 மணி நேரம் ஓடிய டர்போ: எங்கள் தோப்பு டீசல் புல்லட்டின் கதை

இன்று காலை வண்டியின் ஹவர் மீட்டர் 1,040-ஐத் தொட்டது. டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சின்னக் காற்றாடி, மாட்டிய அன்று அது 330. ஆக, 710 மணி நேரம் வண்டி டர்போவோடு ஓடியிருக்கிறது. ஒரு தோட்ட வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கை விட மணிக் கணக்குதான் சரி. பாதி நேரம் முதல் கியரில் ஊர்ந்துகொண்டும், மீதி நேரம் நின்றபடி ஓடிக்கொண்டும் இருக்கும்.

முதலில் வண்டியைப் பற்றி. ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. எஞ்சின் போன பழைய 350 புல்லட் ஒன்று கொட்டகையில் கிடந்தது. களை எடுக்கும் பவர் வீடரில் வரும் 418 சிசி ஏர்கூல்டு டீசல் எஞ்சினை அதில் உட்கார வைத்தோம். ஒற்றை சிலிண்டர், 86 மில்லி போர், 72 மில்லி ஸ்ட்ரோக், 3,600 சுற்றில் சுமார் 10 குதிரைத் திறன். புல்லட்டின் நாலு கியர் பெட்டி அப்படியே இருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை 16 பல்லிலிருந்து 18 ஆக்கினோம். பக்கவாட்டில் சைடுகார் மாதிரி ஒரு தட்டு. அதில் நாலு மூட்டை உரமோ, ஒரு குவியல் தேங்காயோ ஏறும்.

டீசல் புல்லட் என்றால் புதிதாகக் கேட்பவர்கள் வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்தே 90களில் டாரஸ் என்ற டீசல் புல்லட் வந்தது. 325 சிசி கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின், 6.5 குதிரைத் திறன். வேகம் கிடையாது, மைலேஜ் அபாரம். பால்காரர்களும் விவசாயிகளும் அதை வைத்துப் பிழைத்தார்கள். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் அது நின்றுபோனது. பஞ்சாப் பக்கம் பட்டறைக்காரர்களே பம்புசெட் எஞ்சினை புல்லட்டில் ஏற்றி ஓட்டிய காலமும் உண்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிக்கு ரோடு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி நம் இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்ட முடியாது. எங்கள் வேலி தாண்டி இது ஒருநாளும் போனதில்லை. படித்துவிட்டு யாராவது செய்வதானால் அந்த எல்லைக்குள் செய்யுங்கள்.

சரி, டர்போ எதற்கு? வேகத்துக்கு இல்லை. வாய்க்கால் ஓரத்திலிருந்து களத்துக்கு ஏறும் மேடு ஒன்று இருக்கிறது. 200 மீட்டர் நீளம், ஏழடிக்கு ஓரடி ஏற்றம், மழை பெய்தால் செம்மண் வழுக்கும். முழுப் பாரத்தோடு அதில் ஏறும்போது சைலன்சரிலிருந்து கரும்புகை கொட்டும். தேங்காய் பொறுக்கும் அக்காமார் அதே மேட்டில் வண்டிக்குப் பின்னால்தான் நடந்து வருவார்கள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வருவதைத் தினமும் பார்த்தேன். ஒரு நாள் அவர்களில் மூத்தவர், "தம்பி, நீங்க மேலே போய்ச் சேர்ந்த அப்புறம் நாங்க ஏறிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்றார். அன்று இரவே டர்போவைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

கரும்புகை என்றால் காற்று பற்றாமல் அரைகுறையாக எரிந்த டீசல். டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி போல காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது. வரும் காற்று வந்துகொண்டே இருக்கும், டீசல்தான் கூடும் குறையும். பாரம் ஏறும்போது கவர்னர் டீசலைக் கூட்டுகிறது, காற்றோ அதே அளவுதான். அங்கே காற்றைக் கூட்டினால் புகை குறையும். ஆகவே டர்போவைப் பூட்டிய உடனே யாரும் டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். முதலில் பழைய டீசல் அளவிலேயே ஓட்டுங்கள். அதில் வரும் சுத்தம்தான் உண்மையான லாபம்.

டர்போ தேர்வில் அதிகம் யோசிக்க வாய்ப்பில்லை. கிடைப்பதில் சின்னது, ஜப்பானில் 660 சிசி கார்களுக்கு வந்த ஐஎச்ஐ ஆர்எச்பி31 அளவு. அதன் நகல் ஒன்றைத்தான் வாங்கினேன். உள்ளே இருக்கும் சக்கரம் சின்ன எலுமிச்சம்பழ அளவுதான். ஆனாலும் எங்கள் எஞ்சினுக்கு அது பெரிதே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 660 சிசி எஞ்சின் 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 1,980 லிட்டர் காற்று இழுக்கும். எங்களுடையது 3,600 சுற்றில் 750 லிட்டர்தான். அதனால் வெறும் வண்டியாக ஓட்டும்போது பூஸ்ட் முள், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள், அசையவே அசையாது. பாரத்தோடு 2,400 சுற்றைத் தாண்டினால்தான் எழும். முள் நிலையாக நின்று இன்றுவரை நான் பார்த்த அதிகபட்சம் 0.35 பார். எனக்கு அது போதும்.

பூட்டிய முதல் நாள் பெரிய ஏமாற்றம். மேட்டில் ஏறும்போது பூஸ்ட் முள் பூஜ்யத்துக்கும் 0.4-க்கும் நடுவில் பேய் பிடித்தது போல ஆடியது. ஏர் ஹோஸில் "பொஸ், பொஸ்" என்று ஒரு சத்தம். புகையும் அப்படியே. காரணம் ஒற்றை சிலிண்டர் என்பதுதான். நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில் மட்டும்தான் இன்லெட் வால்வு திறந்திருக்கும். எக்ஸாஸ்ட் அடித்து டர்போ சுற்றும் அதே நேரத்தில் இன்லெட் மூடியிருக்கும். தள்ளிய காற்று போக இடமில்லாமல் திரும்பி வந்து காற்றாடியை முட்டும். இரண்டும் நேரம் ஒத்துப்போவதே இல்லை.

இதற்கு மருந்து, நடுவில் ஒரு காற்றுத் தொட்டி. டர்போ தள்ளுவதை அது வாங்கி வைத்துக்கொண்டு வால்வு திறக்கும்போது கொடுக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு குழு, ஏழை விவசாயிகளின் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்களை மனதில் வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறது. எஞ்சின் சிசியைப் போல 4 முதல் 5 மடங்கு கொள்ளளவு என்பது அவர்கள் கணக்கு. எங்களுக்கு அது 1.7 முதல் 2.1 லிட்டர். காலாவதியான 2 கிலோ தீயணைப்பான் ஒன்றை முழுக்கக் காலி செய்து கழுவி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி அளந்தேன். 2.1 லிட்டர். வேண்டிய அளவேதான். அடியில் ஒரு பைப், மேலே ஒரு பைப் வெல்டு வைத்து, எதிர்க்காற்று படும்படி டேங்குக்குக் கீழே முன்பக்கம் கட்டினோம். ஓடும்போது தொட்டியே கொஞ்சம் குளிர்கிறது, காற்று அடர்த்தியாகிறது.

மறுநாள் அதே மேட்டில் முள் 0.3-ல் அசையாமல் நின்றது. நடுங்கவே இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று, அவ்வளவுதான். அந்த நிமிடத்தை எத்தனை வருடம் ஆனாலும் மறக்கமாட்டேன்.

அப்புறம்தான் டீசலைத் தொட்டேன். எக்ஸாஸ்டில், டர்போவுக்கு முன்னால், ஒரு தெர்மோகப்பிள் வைத்துச் சூட்டைப் பார்க்கிறேன். டர்போ மாட்டுவதற்கு முன்பு முழுப் பாரத்தில் 620 டிகிரி காட்டியது. டர்போவோடு, அதே டீசலில், 520 ஆக இறங்கியது. ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகியதும் 585. அங்கேயே நிறுத்திவிட்டேன். ஏர்கூல்டு அலுமினிய ஹெட், ஏற்கெனவே 19 மடங்கு கம்ப்ரஷன். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஹெட் பேக்கிங் போகும், இல்லை வால்வுகளுக்கு நடுவே ஹெட் விரியும். டீசல் பம்புக்கு அடியில் ஒரு ஷிம் (மெல்லிய தகடு) கூடுதலாக வைத்து டீசல் அடிக்கும் நேரத்தையும் கொஞ்சம் பின்தள்ளினேன். 710 மணி நேரத்தில் பேக்கிங் ஒருமுறைகூடப் போகவில்லை என்றால் இந்த அடக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பலன் என்னவென்றால், நாலு மூட்டையோடு 41 விநாடியில் ஏறிய மேட்டை இப்போது 33 விநாடியில் ஏறுகிறது. டீசல் செலவில் பெரிய மாற்றம் இல்லை, முன்பும் இப்போதும் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இனி என்னை அதிகம் அலைய வைத்த விஷயம்: ஆயில்.

டர்போவின் தண்டு எஞ்சின் ஆயிலில்தான் மிதந்து சுற்றுகிறது. ஆயில் போக, பிரஷர் லைனில் ஒரு டீ போட்டு, ஆயில் அளவோடு போக 1 மில்லி ஓட்டை உள்ள ரெஸ்ட்ரிக்டர் வைத்தோம். திரும்பி வர, 10 மில்லி ஹோஸ் ஒன்றை வளைத்துக் கிரான்க்கேஸின் (பிஸ்டனுக்குக் கீழே ஆயில் நிற்கும் பெட்டி) அடிப்பக்கம் சொருகினோம். முதல் நூறு மணி நேரம் குறையில்லை. 120-ஐத் தாண்டியதும் மேட்டிலிருந்து இறங்கி ஐடிலில் நிற்கும்போது நீலப்புகை. வாரத்துக்குக் கால் லிட்டர் ஆயில் காணாமல் போனது. கம்ப்ரஸர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே விரலில் ஒட்டும் அளவுக்கு எண்ணெய்ப் படலம். நகல் டர்போ, சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி 14,000 ரூபாய்க்கு வேறொன்று வாங்கினேன். பூட்டிய இரண்டாம் நாள் அதுவும் நீலமாகப் புகைந்தது.

வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாதே, லேத்காரரைத் தோப்புக்கே கூட்டி வந்தேன். அறுபது வயதைத் தாண்டியவர், பம்புசெட் எஞ்சின்களிலேயே காலம் கழித்தவர். எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையை வைத்தார். கை தும்தும் என்று எகிறியது. "தம்பி, எண்ணெய் போறதுக்கு வழி வெச்சீங்க. வர்றதுக்கு எங்கே வெச்சீங்க?" என்றார்.

அதேதான். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிரான்க்கேஸுக்குள் இருக்கும் காற்றை அழுத்துகிறது. ஒற்றை சிலிண்டரில் அதைச் சமன்செய்ய இன்னொரு பிஸ்டன் இல்லை. டர்போ வந்தபின் ரிங் வழியாக இறங்கும் காற்றும் கூடிவிட்டது, அந்தக் காற்று வெளியேறும் பிரீதரோ பழைய சின்னத் துளைதான். அந்த அழுத்தம் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக மேலே ஏறி, டர்போவிலிருந்து ஆயிலை இறங்கவிடாமல் பிடிக்கிறது. போதாததற்கு என் ஹோஸின் வாய் ஆயில் மட்டத்துக்கும் கீழே இருந்தது. இறங்க வழியில்லாத ஆயில் சீல் வழியாகத்தானே போகும்?

டர்போவை நாலு அங்குலம் உயர்த்தினோம். ரிட்டர்னுக்கு முக்கால் இஞ்ச் பைப், வளைவே இல்லாமல் நேராக, ஆயில் மட்டத்துக்கு மேலே சைடு கவரில் இறங்கும்படி. பிரீதரை அரை இஞ்ச் ஆக்கி, ஒரு பாட்டிலில் விட்டோம். நீலப்புகை அன்றோடு சரி. பழைய டர்போவைச் சோதித்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை, இப்போது ஸ்பேராக அலமாரியில் இருக்கிறது. இந்த ஒரு பத்திக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். சின்ன டீசலில் டர்போ புகைந்தால், டர்போவைக் குறை சொல்வதற்கு முன் ரிட்டர்ன் பைப்பையும் பிரீதரையும் பாருங்கள்.

மற்றபடி, 210 மணி நேரத்தில், எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு பைப்பின் வெல்டு விரிந்தது. டர்போவின் பாரத்தை சேஸியோடும் எஞ்சினோடும் சேர்த்துக் கட்டியிருந்தேன். இரண்டும் வெவ்வேறு விதமாக அதிரும், நடுவில் மாட்டிய பைப் என்ன செய்யும்? முழுப் பாரத்தையும் எஞ்சினிலேயே தாங்கவிட்டு, சைலன்சருக்கு முன் பெல்லோஸ் (அதிர்வுக்கு வளைந்துகொடுக்கும் மடிப்புப் பைப்) வைத்தபின் விரிசல் இல்லை. பத்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டபோது ஏர் கிளீனர் வாயில் குளவி மண்கூடு கட்டிவிட்டது. அந்த மண் உள்ளே போயிருந்தால் காற்றாடி இறக்கை மிஞ்சியிருக்காது. அன்றுமுதல் வண்டியை நிறுத்தினால் அந்த வாயில் ஒரு தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். ஸ்டார்ட் செய்யும் முன் தொட்டியை எடுத்து வண்டிச் சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட வேண்டும், மறக்க முடியாது.

ஆயிலை முன்பு 100 மணிக்கு ஒருமுறை மாற்றினேன், இப்போது 50 மணிக்கு. 15டபிள்யூ-40 டீசல் ஆயில், 1.65 லிட்டர்தான் பிடிக்கும், செலவு பெரிதில்லை. மேட்டில் ஏறி வந்ததும் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் நிறுத்துகிறோம். இல்லாவிட்டால் சூட்டில் தண்டைச் சுற்றி ஆயில் கரியாகும். இதை வண்டி ஓட்டும் எல்லோரையும் பழக்குவதுதான் கஷ்டம், கொஞ்ச நாள் பிடித்தது.

முதல் டர்போ, வெல்டிங், ஹோஸ், மீட்டர் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். இரண்டாவது டர்போ 14,000. சமதளத் தோட்டம், லேசான பாரம் என்றால் இந்தச் செலவு தேவையில்லை, டீசலைப் பீய்ச்சும் நல்ல நாசிலும் சுத்தமான ஏர் கிளீனருமே புகையை நன்றாகக் குறைத்துவிடும். மேடும் பாரமும் தினமும் உள்ளவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், மாட்டுங்கள்.

அடுத்த வாரம் ஹெட்டை இறக்கி வால்வு சீட்டைப் பார்க்கப் போகிறோம். லேத்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டி ரெண்டு நாள் நிற்கும் என்று களத்தில் சொன்னதற்கு, அந்த மூத்த அக்கா, "அப்போ தேங்காயை யாருங்க மேலே ஏத்தறது?" என்று கேட்டார்.